குழந்தையை செக்கப்புக்கு அழைத்துப் போகும் முன்

ஒன்றிலிருந்து மூன்று வயது வரையான குழந்தையை டாக்டர் நேரில் பார்ப்பது சில நிமிடங்கள்தான். மீதியை நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வார். அதனால் பையில் முதலில் போக வேண்டியது தகவல்.

தடுப்பூசி அட்டையை முந்தின நாளே தேடி எடுத்துவிடுங்கள். கொடுத்துவரும் மருந்துகளைப் பாட்டிலோடு கொண்டு போங்கள். 'அந்த மஞ்சள் சிரப்' என்றால் யாருக்கும் விளங்காது. 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது லேபிளில்தான் இருக்கும். பால் எவ்வளவு குடிக்கிறது என்று இரண்டு நாள் அளந்து பாருங்கள். பசும்பால் தினமும் அரை லிட்டரைத் தாண்டினால் சாப்பாட்டில் நாட்டம் போய், இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வரலாம்.

பேச்சைப் பற்றிக் கேட்டால் 'நன்றாகப் பேசுகிறான்' என்பது பதிலே இல்லை. சொல்லும் சொற்களை எழுதி வையுங்கள். 'பூ' என்றால் எப்போதும் தண்ணீரைத்தான் கேட்கிறான் என்றால் அதுவும் ஒரு சொல்தான். இரண்டு வயதில் 'அம்மா வா' என இரண்டு சொல் சேர வேண்டும். முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காது. வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோ கைகொடுக்கும்.

தூங்கி எழுந்த பிறகான நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். வயிறு முட்ட ஊட்டிவிட்டு உடனே கிளம்ப வேண்டாம். தொண்டையைப் பார்க்க நாக்கை அழுத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும். முன்பக்கம் திறக்கும் சட்டை போதும். நனைந்த டயப்பரோடு எடை பார்த்தால் கணக்குத் தவறும். உயரத்தை இரண்டு வயது வரை படுக்கவைத்தும் பிறகு நிற்கவைத்தும் அளப்பார்கள். நிற்கும்போது சுமார் 0.7 செ.மீ. குறைவாகத் தெரியும், குழந்தை குட்டையாகிவிட்டதோ என்று பதற வேண்டாம்.

காது பார்க்கும்போதுதான் ரகளை. மடியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, கால்களை உங்கள் தொடைகளுக்கு இடையில் பிடியுங்கள். ஒரு கையால் அதன் கைகளையும் சேர்த்து அணைத்து, மறு கையால் தலையை மார்போடு அழுத்துங்கள். தலை அசைந்தால் கருவி உள்ளே உரசி வலிக்கும். இறுகப் பிடிப்பது கொடுமையல்ல, அரைகுறைப் பிடிதான் கொடுமை.

ஊசி இருந்தால் 'வலிக்காது' என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை உங்களையும் நம்பாது. 'சேட்டை செய்தால் ஊசி' என்று வீட்டில் மிரட்டுவது அதைவிட மோசம். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பதும் வேண்டாம், எதிர்ப்பாற்றல் உருவாவதை அது மட்டுப்படுத்தக்கூடும். தட்டம்மைத் தடுப்பூசிக்கான காய்ச்சல் ஒரு வாரம் கழித்தும் வரும். கிளம்பும் முன், அன்றைய எடைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய அளவு இப்போது போதாமல் போகலாம்.