கிரானைட் பலகையில் பாறை ஓடிய தடத்தைப் பார்ப்பது எப்படி?

பூமியின் ஆழத்தில் பாறை ஓடுகிறது என்றதும் பலருக்கும் எரிமலைக் குழம்புதான் நினைவுக்கு வரும். ஆனால் உருகாமல், திடமாக இருந்தபடியே பாறை வளையும், நீளும், ஓடும். அதற்கான தடயத்தைக் கிரானைட் கடையிலேயே பார்க்கலாம்.

படி 1: பலகையைத் தேர்ந்தெடுங்கள்
புள்ளி புள்ளியாக ஒரே சீராக இருப்பது வேண்டாம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் நெளியும் பலகைதான் வேண்டும். கடையில் எல்லாமே கிரானைட்தான். ஆனால் பட்டை நெளியும் இந்தப் பாறைக்கு நிலவியலில் நைஸ் என்று பெயர். கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நைஸ் பாறைகள் பல, சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. ஈரத்துணியால் துடையுங்கள், பட்டைகள் பளிச்சென்று தெரியும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். கண்ணாடி போன்ற சாம்பல் நிறம் குவார்ட்ஸ் என்ற கனிமம்.

படி 2: ஒரு பட்டையை விரலால் தொடருங்கள்
பட்டை மடங்கித் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே தடித்தும், இரு பக்கமும் மெலிந்தும் இருக்கிறதா? பக்கங்களில் இருந்த கல் மெல்ல நகர்ந்து மடிப்பில் சேர்ந்திருக்கிறது. அதுவும் விரிசலே இல்லாமல்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 3: ஏன் உடையவில்லை?
கண்டங்களின் மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. ஏறக்குறைய 300 டிகிரியில் குவார்ட்ஸ் இளக ஆரம்பிக்கும். அதாவது 10, 12 கிலோமீட்டர் ஆழத்தில். ஃபெல்ட்ஸ்பாருக்கு 450 டிகிரிக்கு மேல் வேண்டும். படிகத்துக்குள் அணுப் பிணைப்புகள் வரிசை வரிசையாக விட்டு, அடுத்த அணுவோடு மறுபடி சேர்கின்றன. கொல்லர் உலையில் சிவந்த இரும்பு உருகாமல் வளைவதும் இப்படித்தான். எல்லாப் பக்கமும் அழுத்தம் நெருக்குவதால் விரிசலும் எளிதில் திறக்காது.

படி 4: துண்டான கறுப்புப் பட்டையைத் தேடுங்கள்
சில பலகைகளில் கறுப்புப் பட்டை வரிசையாகத் துண்டுபட்டிருக்கும். இடைவெளிகளில் வெள்ளைக் கல் புகுந்திருக்கும். இரண்டையும் இழுத்தது ஒரே விசை. விறைப்பான கறுப்பு அறுந்தது, இளகிய வெள்ளை ஓடியது.

படி 5: காலத்தையும் கணக்கில் சேருங்கள்
மலைகள் எழும் பகுதிகளின் ஆழத்தில், வழக்கமான வேகத்தில், ஒரு மீட்டர் பாறை இரண்டு மீட்டராக நீள ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகள் ஆகும். அவசரப்படுத்தினால் அதே பாறை உடைந்துவிடும்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. சில பலகைகளில் வெள்ளைப் பட்டைகள் உண்மையிலேயே ஓரளவு உருகி உறைந்தவை. அவற்றின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கரை ஓடினால், உருகல் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.