பழைய டீசல் லொறியின் ஐட்லிங்: பம்பில் கைவைக்கும் முன்

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வரும் பழைய லொறிகளில் சில ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, உதறும்; சில வீணாக இரையும். உடனே ஸ்பனரைத் தூக்காதீர்கள். முதலில் ஆக்சிலேட்டர் கேபிளைப் பாருங்கள். எங்கள் கரையோர உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இறுகினால், எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்டர் பம்பில் கேபிள் இழுக்கும் நெம்புகோல் முழுமையாகத் திரும்பி வராது. கேபிளில் சிறிது தளர்வு இருக்கத்தான் வேண்டும். டீசல் பில்டர் அடைப்பும், குழாயில் காற்று புகுவதும்கூட ஐட்லிங்கைக் கெடுக்கும்.

இவை சரியென்றால் மட்டும் எஞ்சினை நன்கு சூடாக்கி, ஏசியை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். நெம்புகோல் வந்து முட்டும் ஐட்லிங் ஸ்க்ரூவின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். பொதுவாக உள்ளே திருகினால் வேகம் கூடும். சிறிய டீசல் லொறிகள் பலவற்றுக்கு நிமிடத்துக்கு 650 முதல் 800 சுற்று வரை பொருந்தும். உங்கள் எஞ்சினுக்கான கைநூல் சொல்லும் எண்ணே இறுதி. நட்டை இறுக்கியபின் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு, அதே வேகத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள்.

முத்திரையிட்ட மற்ற ஸ்க்ரூக்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவை உச்ச வேகத்துக்கும் டீசல் அளவுக்கும் உரியவை. பம்பைக் கழற்றிச் சோதனை மேசையில் வைத்தே அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.