பிள்ளையின் கணக்கை ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ ஆக்குங்கள்

தந்தையின் வங்கி வேலையும் மகனின் உயர்தரப் பாடங்களும் ஒரே கணினியில் நடக்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில், பிள்ளையின் விண்டோஸ் கணக்கை ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ (முழு அதிகாரம் இல்லாத சாதாரணப் பயனர்) நிலைக்கு மாற்றி, கணினியில் முழு அதிகாரமுள்ள ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கின் கடவுச்சொல்லைப் பெற்றோர் மட்டும் வைத்திருப்பது நல்லது. செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குள் இதைச் செலவின்றிச் செய்யலாம்.

அதன்பின், நண்பனின் பென்டிரைவில் வந்த கேமைக் கணினியின் எல்லாக் கணக்குகளுக்குமாக நிறுவ முயன்றாலும், வைரஸ் பாதுகாப்பை நிறுத்த முயன்றாலும், கணினி உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். பாடத்துக்குத் தேவையான மென்பொருள் என்றால், தாமதிக்காமல் நீங்களே வந்து கடவுச்சொல்லை இட்டுக் கொடுங்கள்.

ஆனால் இது எந்த இணையதளத்தையும் தடுக்காது. ஒரு கணக்குக்குள் மட்டும் நிறுவப்படும் சில செயலிகளும் இதில் அகப்படா. உங்கள் கணக்கைத் திறந்தபடி விட்டு எழுந்து போனாலும் பயனில்லை என்பதால், எழும்போது விண்டோஸ் விசையுடன் ‘எல்’ விசையை அழுத்திப் பூட்டிவிடுங்கள்.