ஓபிஜி எக்ஸ்ரே: படம் கெடுவதும், படத்தைத் தப்பாக நம்புவதும்

வாய் முழுவதையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் எக்ஸ்ரேதான் ஓபிஜி. இயந்திரம் தலையைச் சுற்றி வர 10 முதல் 20 நொடி ஆகும், அவ்வளவுதான். ஆனால் அது தெளிவாகப் பிடிப்பது குதிரை லாட வடிவில் உள்ள ஒரு குறுகிய அடுக்கை மட்டுமே, அதற்கு முன்னாலோ பின்னாலோ போனதெல்லாம் மங்கிவிடும். முன்பல் பகுதியில் அந்த அடுக்கு இன்னும் ஒல்லி. அதனால்தான் கடிக்கக் கொடுக்கும் கட்டையில் முன்பற்களின் நுனி சரியாகப் பள்ளத்தில் உட்கார வேண்டும். முன்னே தள்ளிக் கடித்தால் முன்பற்கள் ஒல்லியாகவும், பின்னே இழுத்துக் கடித்தால் அகலமாகவும் படத்தில் விழும்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது நாக்கில். நாக்கைக் கீழே தொங்கவிட்டால், அதற்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் இருக்கும் காற்று ஒரு கறுப்புப் பட்டையாக மேல்பற்களின் வேர் மீது விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். ஒரு தடவை எச்சில் விழுங்கி நாக்கை மேலே ஒட்டவைத்து, சுற்று முடியும்வரை அப்படியே பிடித்தால் போதும். "நாக்கை மேலே வையுங்கள்" என்று சொல்லாமலே பொத்தானை அழுத்துபவர்களும் இருக்கிறார்கள், அதனால் நீங்களே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தோடு, மூக்குத்தி, சங்கிலி, கழற்றும் பல்செட், காதுக் கருவி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வலது காதுத் தோட்டின் ஆவி மாதிரி ஒரு நிழல், பெரிதாகி மங்கலாக, கொஞ்சம் உயரத்தில் இடது பக்கம் விழும். இது தெரியாமல் பார்த்தால் தாடையில் ஏதோ இருக்கிறது என்றே தோன்றும்.

கூன் போட்டு நின்றால் கழுத்தெலும்பு நடுவில் வெள்ளைத் தூணாக வந்து முன்பற்களை மூடும், கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு அடி முன்னே வந்து கழுத்தை நீட்டி நில்லுங்கள். மோவாயை ரொம்பக் குனித்தால் பல்வரிசை அளவுக்கு மீறிச் சிரிக்கிற வளைவாகும், தூக்கினால் தட்டையாகி மேலண்ணத்தின் நிழல் மேல்வேர்களில் படியும்.

சரி, படம் நன்றாக வந்துவிட்டது. அதை வைத்து என்ன சொல்லலாம்? முளைக்காமல் சிக்கியிருக்கும் கடைசிக் கடைவாய்ப்பல், தாடை முறிவு, நீர்க்கட்டி, குழந்தைக்கு உள்ளே வரிசையாகக் காத்திருக்கும் நிரந்தரப் பற்கள் ஆகியவற்றுக்கு இது அருமையான படம். இரண்டு பல்லுக்கு இடையே இப்போதுதான் தொடங்கும் சொத்தைக்கு ஆகாது, ஏனென்றால் அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும், நுணுக்கமும் குறைவு. அதற்கு வாய்க்குள் ஃபிலிம் வைத்து எடுக்கும் பைட்விங் எக்ஸ்ரேதான். "ஓபிஜியில் சொத்தை ஒன்றும் இல்லையே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அளவெடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. படத்தில் எல்லாம் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) போட எலும்பின் உயரத்தை இதில் ஸ்கேல் வைத்துக் கணக்கிட்டுவிட்டு கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பை இடித்தால் கீழுதடு மரத்துப்போகும். எலும்பின் அகலம் இதில் தெரியவே தெரியாது. கடைவாய்ப்பல் வேரும் அந்த நரம்பு ஓடும் குழாயும் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தால் தொடுகிறது என்று அர்த்தமில்லை, ஒன்று முன்னால் ஒன்று பின்னால் இருக்கலாம். ஆனால் குழாயின் வெள்ளை ஓரக்கோடு அந்த இடத்தில் அறுபட்டிருந்தாலோ வேர் அங்கே கறுத்திருந்தாலோ, முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லில் கைவைப்பது நல்லது.

கதிர்வீச்சுப் பயமும் அலட்சியமும் இரண்டுமே இங்கே உண்டு. ஒரு ஓபிஜிக்குப் பொதுவாக 10 முதல் 25 மைக்ரோசீவர்ட், அதாவது இயற்கையிலிருந்தே நமக்குச் சில நாட்களில் கிடைக்கும் அளவு. பயந்துபோய்க் கதிரைத் தடுக்கும் ஈயக் கழுத்துப் பட்டையைக் கேட்டு வாங்கிக் கட்டினால் அது கதிரின் பாதையில் வந்து படத்தைக் கெடுக்கும், அப்புறம் இரண்டாவது தடவை எடுக்க வேண்டியதுதான். அதற்காக ஒவ்வொரு முறை போகும்போதும் காரணமில்லாமல் எடுப்பதும் சரியில்லை. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய படம் இருந்தால் கொண்டுபோங்கள், ஆனால் ஃபிலிமை மொபைலில் படம்பிடித்து அனுப்பியதை அல்ல, மூல டிஜிட்டல் கோப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள்.