விபத்து இழப்பீடு கேட்கும்போது எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது

ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கூட்டி அனுப்பிவிட்டு, இவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். விபத்தே நடக்காதிருந்தால் அடிபட்டவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதுதான் இழப்பீடு. 1880-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை லிவிங்ஸ்டன் வழக்கில் சொன்ன இந்தக் கணக்கு பல நாட்டு நீதிமன்றங்களில் இன்னும் ஓடுகிறது.

முதலில் ரசீது காட்டக்கூடியவை: மருந்து, ஸ்கேன், போய்வந்த வண்டி வாடகை, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தால், கொடுத்த கூலிக்கு அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். மருந்துக்கடை பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இனிமேல் வரப்போகும் இழப்பில்தான். சான்றிதழில் இருக்கும் ஊன சதவீதம் வேறு, சம்பாத்தியம் குறையும் சதவீதம் வேறு. வலது கை விரல்கள் மடங்காமல் போனால் டாக்டர் 20 சதவீதம் என்று எழுதலாம், ஆனால் அந்தக் கையால் கத்தரி பிடித்துத் துணி வெட்டிப் பிழைத்தவருக்குப் போனது மொத்தத் தொழிலும். அதனால் என்ன வேலை செய்தீர்கள், அதில் எதை இனிச் செய்ய முடியாது என்று தனியாக எழுதிக் கொடுங்கள். எலும்பில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டுமென்றால், அதன் செலவு மதிப்பீட்டையும் டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

அப்புறம் வலி, மன வேதனை. இதற்கு ரசீது ஏது? டைரிதான் சாட்சி. ‘ரொம்ப வலி’ என்று எழுதிப் பிரயோஜனமில்லை. ‘இரவு 2 மணிக்கு எழுந்தேன், மறுபடி படுக்க முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை’ என்று தேதி போட்டு எழுதுங்கள். இந்தத் தலைப்பில் எதிராளியிடமோ அவருடைய இன்சூரன்ஸிடமோதான் கேட்க வேண்டும், உங்கள் சொந்த மருத்துவ பாலிசி பொதுவாகச் சிகிச்சைச் செலவோடு நின்றுவிடும்.

தண்டனை இழப்பீடு என்று ஒன்றும் உண்டு. வேண்டுமென்றோ படு அலட்சியமாகவோ செய்தவருக்கு விதிப்பது அது, சாதாரணக் கவனக்குறைவுக்கு அநேகமாகக் கிடைக்காது. இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

உங்கள் மேலும் தப்பு இருந்தால் பல இடங்களில் அந்த அளவுக்குக் கழிப்பார்கள்: 30 சதவீதம் உங்கள் தப்பென்றால் 10 லட்சம் 7 லட்சமாகும். டாக்டர் சொன்ன பிசியோதெரபிக்குக் காரணமில்லாமல் போகாவிட்டாலும் வெட்டு விழலாம்.

செட்டில்மென்ட் தாள் வந்ததும் ‘முழுமையான, இறுதியான’ என்ற வார்த்தைகளைத் தேடுங்கள். சரி, பணம் வருகிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் பெரும்பாலும் மறுபடி கேட்க முடியாது, அந்த பிளேட் ஆபரேஷன் செலவையும் சேர்த்து.