வீடு மாறும்போது ஆள் வைப்பதா, நாமே தூக்குவதா? முடிவெடுப்பதில் நடக்கும் தவறுகள்

வீடு மாற்றுவது உறுதியானதும் பலரும் முதலில் செய்வது, இரண்டு மூன்று பேக்கர்ஸ் நிறுவனங்களுக்கு போன் போட்டு ‘எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பதுதான். சொல்லும் தொகையைக் கேட்டதும் தலை சுற்றும். ‘இதற்கு நாமே ஒரு வண்டி பிடித்து ஏற்றி இறக்கிவிடலாமே’ என்று தோன்றும். இன்னும் சிலர் எதையும் யோசிக்காமல், தலைவலி விட்டால் போதும் என்று முழுதாக அவர்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

என் அனுபவத்தில் எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. ஒருமுறை ‘முப்பது பெட்டி வரும்’ என்று நம்பிக்கையோடு சொன்னேன். கட்டி முடித்தபோது அறுபதைத் தாண்டியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எண்ணியிருந்தேன், அவ்வளவுதான். கட்டில், சோபா, பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் நினைவில் வந்துவிடும். பரண் மேல் இருப்பது, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தது, பால்கனித் தொட்டிகள், கதவு மூடிய அலமாரிகள் இவையெல்லாம் நினைவிலேயே வராது. வீடு மாறும்போது ஆளைக் கொல்வதும் இந்தத் தட்டுமுட்டுச் சாமான்கள்தான்.

அதனால் யாருக்கும் போன் போடுவதற்கு முன் ஒரு மாலையை ஒதுக்குங்கள். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு அறை அறையாகப் போங்கள். ஒவ்வொரு அலமாரியையும் திறந்து படம் எடுங்கள். பிறகு உட்கார்ந்து மூன்று பட்டியல் போடுங்கள்: ஒருவரே தூக்கக்கூடியவை, இருவர் தேவைப்படுபவை, தூக்கவே பயமாக இருப்பவை. மூன்றாவது பட்டியலின் நீளம்தான் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில். மீதிப் பதிலை இரண்டு வீடுகளின் படிக்கட்டுகளும் நடுவில் உள்ள தூரமும் சொல்லிவிடும். வேண்டாத பொருள்களை இந்தக் கட்டத்திலேயே கழித்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், குப்பைக்கும் வண்டிக் கூலி கொடுத்தவர் ஆவீர்கள்.

இரண்டு ரசீதுகளை ஒப்பிடும் தவறு

நிறுவனம் சொன்ன தொகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மறுபக்கம் வண்டி வாடகையை மட்டும் வைத்துப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் எப்போதும் நாமே மாற்றுவதுதான் லாபமாகத் தெரியும். அட்டைப்பெட்டி, டேப், பபிள் ஷீட், கயிறு, தள்ளுவண்டி, எரிபொருள், வேலைக்குப் போடும் விடுப்பு, உதவிக்கு வரும் நண்பர்களின் சாப்பாடு என்று கூட்டிக்கொண்டே போனால் வித்தியாசம் சுருங்கிவிடும். எல்லாவற்றையும் விடப் பெரியது, கணக்கில் வராத இரண்டாவது நடை. சின்ன வண்டி போதும் என்று எடுத்து, பாதிச் சாமான் வாசலிலேயே நின்றுவிட்டால், அந்த நாளின் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

மறுபக்கமும் இப்படித்தான். போனில் சொன்ன தொகையில் பெட்டிகளின் விலை சேர்ந்திருக்கிறதா? கட்டிலைக் கழற்றி மாட்டுவது? மாடிக்கு ஏற்றுவதற்குத் தனிக் கூலியா? தெரு குறுகலாக இருந்து லாரி தள்ளி நின்றால், அந்தத் தூரத்துக்கும் கேட்பார்களா? வரி? இவற்றைக் கேட்காமல் ஒப்பிடுவது வெறும் ஊகம்தான்.

முதுகைக் கணக்கில் சேர்க்காதது

பணத்தை எண்ணும் அளவுக்கு நாம் எடையை எண்ணுவதில்லை. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ், கையால் தூக்கும் எடைக்கு ஒரு கணக்கீட்டு முறை வகுத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலேயே அதன் உச்சவரம்பு 23 கிலோதான். சாதகம் என்றால் பொருள் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், ஏறக்குறைய இடுப்பளவு உயரத்தில் இருந்து எடுக்க வேண்டும், உடம்பைத் திருப்பக் கூடாது, நல்ல பிடி வேண்டும், அடிக்கடி தூக்கவும் கூடாது. குனிந்து தரையிலிருந்து எடுத்தாலும், கையை நீட்டிப் பிடித்தாலும் அந்த அளவு குறைந்துகொண்டே போகும். வீடு மாற்றும் நாளில் நாம் செய்வதோ பெரும்பாலும் இவைதான்.

இப்போது ஒரு பெட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 லிட்டர் கொள்ளும் நடுத்தர அட்டைப்பெட்டியை இடைவெளி இல்லாமல் புத்தகத்தால் நிரப்பினால் 25 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். பெரிய பெட்டியில் கேட்கவே வேண்டாம், அடி கழன்று விழும். புத்தகம் சின்னப் பெட்டிக்கு, தலையணையும் துணியும் பெரிய பெட்டிக்கு என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது.

படிக்கட்டில் நிலைமை இன்னும் மோசம். பீரோவையோ ஃபிரிட்ஜையோ இருவர் பிடித்து இறக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி கீழே நிற்பவர் மேல்தான் சாயும். மேலே இருப்பவருக்குப் பிடி நழுவினால், கீழே இருப்பவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. நட்புக்காக வந்தவரை அந்த இடத்தில் நிறுத்துவது சரியா என்று யோசிக்க வேண்டும். கூலிக்கு வருபவருக்கு மட்டும் முதுகு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அவரிடம் தோளில் மாட்டித் தூக்கும் வார்ப்பட்டை உண்டு, சக்கரப் பலகை உண்டு, எந்தப் பக்கம் முதலில் திருப்ப வேண்டும் என்ற பழக்கம் உண்டு. அப்புறம், அவருக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. முறையான நிறுவனம் இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லும்.

எல்லாச் சாமானையும் ஒரே தட்டில் வைப்பது

‘அவர்களா, நாமா’ என்று கேட்கும்போதே கேள்வி தவறிவிடுகிறது. முழுதாகக் கொடுப்பதற்கும் முழுதாக நாமே செய்வதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. பெட்டி கட்டுவதை நாம் செய்துவிட்டு, ஏற்றி இறக்க மட்டும் சில மணி நேரத்துக்கு ஆள் வைக்கலாம். கனமான ஏழெட்டுப் பொருள்களை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, மற்றவற்றைச் சொந்த வண்டியில் நான்கைந்து நடையாகக் கொண்டு போகலாம். பக்கத்துத் தெருவுக்கு மாறுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் எண்ணம். தூரம் அதிகமானால் இந்தச் சுதந்திரம் குறையும், ஒரே லாரியில் எல்லாம் போவதுதான் கட்டுப்படியாகும்.

எதை யாரிடம் விடுவது என்பதைப் பொருளை வைத்து முடிவெடுக்க வேண்டும். ஃபிரிட்ஜை முந்தைய நாளே காலி செய்து, பனி உருகவிட்டு, துடைத்து உலர வைக்க வேண்டும். நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். படுக்கப் போட்டால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் புது வீட்டில் நிமிர்த்தி வைத்து, சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு வேறு சிக்கல். அதன் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. புதிதாக வந்தபோது அது ஆடாமல் இருக்கப் பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் போட்டிருப்பார்கள், பொருத்தும்போது கழற்றிக் கொடுத்திருப்பார்கள். அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் இப்போது உதவும். பெரிய டிவியைப் படுக்க வைத்து மேலே எதையாவது வைத்தால் திரை போய்விடும்.

மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகளைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அவற்றைக் கழற்றும்போது திருகு இருந்த துளை உதிரும். மறுபடி மாட்டினால் பழைய பிடி இருக்காது. கைதேர்ந்தவர் செய்தாலும் இதே கதைதான். ஏற்கெனவே இரண்டு முறை கழற்றி மாட்டியதாக இருந்தால், அதைக் கொண்டு போகத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

நகை, பணம், பத்திரங்கள், சான்றிதழ்கள், மருந்து, லேப்டாப் இவற்றை எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் லாரியில் ஏற்றக் கூடாது. கையோடு கொண்டு போக வேண்டும். கேஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய் போன்றவற்றைப் பல நிறுவனங்கள் ஏற்ற மாட்டார்கள். அதைக் கடைசி நாள் காலையில் தெரிந்துகொண்டு விழிப்பதைவிட, முதல் பேச்சிலேயே கேட்டுவிடலாம்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

குறைந்த தொகை சொல்பவரைப் பிடிப்பது முதல் தவறு. வீட்டை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் போனிலேயே தொகை சொல்பவர் உங்கள் பரணைப் பார்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. இந்தத் தொழிலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. குறைவாகச் சொல்லி வேலையைப் பிடிப்பார்கள். சாமான் முழுவதும் லாரிக்குள் போன பிறகு, ‘நீங்கள் சொன்னதைவிட அதிகமாக இருக்கிறது’ என்று கூடுதல் தொகை கேட்பார்கள். கொடுத்தால்தான் இறக்குவார்கள். அந்த நிலையில் உங்கள் வாழ்க்கை மொத்தமும் அடுத்தவர் வண்டிக்குள் பூட்டிக் கிடக்கும். பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இதைத் தவிர்க்க, சொல்லப்படும் தொகை எந்த வகை என்று கேளுங்கள். மாறாத தொகையா, வெறும் மதிப்பீடா, மணிக்கணக்கா, எடைக்கணக்கா? எதுவாக இருந்தாலும் பொருள் பட்டியலோடு எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரிடம் இருந்து நகர்ந்துவிடுங்கள். பேசுபவர்தான் வருவாரா, வேறு ஆளிடம் வேலையைக் கைமாற்றிவிடுவாரா என்பதும் கேட்க வேண்டியதே. நீண்ட தூரமானால், உங்கள் சாமான் மட்டும் தனி லாரியில் போகிறதா, மற்றவர்கள் சாமானோடு சேர்ந்து போகிறதா, வழியில் வண்டி மாறுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். வண்டி மாறும் இடத்தில்தான் பெட்டிகள் காணாமல் போகும்.

‘எல்லாம் இன்சூரன்ஸ் இருக்கிறது சார்’ என்ற ஒரு வரியை நம்பி விடுவது அடுத்த தவறு. என் நண்பர் ஒருவர் உடைந்த டிவிக்கு இழப்பீடு கேட்டபோதுதான் ஒப்பந்தத்தைப் படித்தார். நிறுவனம் அடிப்படையாக ஏற்கும் பொறுப்பு பல இடங்களில் பொருளின் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, விலையை வைத்து அல்ல. அந்தக் கணக்கில் மெல்லிய விலையுயர்ந்த டிவியும் அதே எடையுள்ள இரும்புச் சாமானும் ஒன்றுதான். முழு மதிப்புக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இன்னொன்று, நீங்களே கட்டிய பெட்டிக்குள் ஒரு பொருள் உடைந்தால் பொறுப்பேற்க மறுக்கும் நிறுவனங்கள் பல. செலவைக் குறைக்கப் பெட்டியை நாமே கட்டலாம் என்று முடிவெடுப்பவர்கள் இதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் இவற்றை மட்டும் அவர்களையே கட்டச் சொல்வது ஒரு நல்ல சமரசம்.

ஏற்றும்போது அவர்கள் எழுதும் பட்டியலில் பொருள்களின் நிலையையும் குறிப்பார்கள். புத்தம்புது மேசைக்குப் பக்கத்திலும் ‘கீறல்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள், ஒப்பாததை அங்கேயே திருத்துங்கள், படமும் எடுத்து வையுங்கள். இறக்கும் இடத்தில் பெட்டிகளை எண்ணி முடிக்கும் வரை ‘எல்லாம் சரி’ என்று எழுதிக் கொடுக்க வேண்டாம்.

நாமே மாற்றுவது என்று முடிவெடுத்தால்

ஒரே நாளில் கட்டி ஒரே நாளில் மாறிவிடலாம் என்ற நினைப்புதான் இங்கே பெரிய எதிரி. தூக்குவதைவிடக் கட்டுவதற்குத்தான் நேரம் ஆகும், சமையலறைக்கு மட்டுமே ஒரு முழு நாள் போய்விடும். தினமும் இரண்டு பெட்டி என்று சில வாரம் முன்பே தொடங்கினால் கடைசி நாள் தாங்கும். தட்டுகளை அடுக்காகப் படுக்க வைக்காமல், காகிதம் சுற்றிச் செங்குத்தாக நிறுத்தினால் உடைவது குறையும். மாதக் கடைசியிலும் வார இறுதியிலும் வண்டிக்கும் ஆளுக்கும் போட்டி அதிகம், நடு வாரம், நடு மாதம் என்றால் இரண்டும் எளிதில் கிடைக்கும்.

வாடகை லாரியை நாமே ஓட்டுவதாக இருந்தால், நம் உரிமம் அந்த வகை வண்டிக்குச் செல்லுமா, வாடகை வண்டிக்குக் காப்பீடு உண்டா என்று பார்க்க வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு உயரம் நினைவிருக்காது, தாழ்வான பாலமும் பார்க்கிங் கூரையும் நினைவூட்டிவிடும். கனமானவை ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உள்ள முன்சுவரை ஒட்டித் தரையில் இருக்க வேண்டும், இலேசானவை மேலேயும் பின்னாலும். சோபா புது வீட்டுக் கதவில் நுழையுமா என்று இன்ச் டேப் வைத்து முன்பே அளந்துவிடுங்கள். லிஃப்ட் இருந்தால் அதைப் பயன்படுத்த அனுமதியும் நேரமும் கேட்டு வையுங்கள்.

இரண்டு வழியிலும் பொதுவாக ஒரு பெட்டி உண்டு. கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டிய பெட்டி அது. அன்றிரவுக்கு வேண்டிய போர்வை, சோப்பு, சார்ஜர், ஒரு பல்பு, ஸ்க்ரூடிரைவர், அப்புறம் கட்டிலின் திருகுகள். திருகுகளை ஒரு பையில் போட்டு, எந்தக் கட்டிலுடையது என்று எழுதி இதற்குள் வைக்க வேண்டும். முன்பு சொன்ன அந்த அறுபது பெட்டிப் பயணத்தில் என் கட்டில் திருகுகள் மூன்றாம் நாள்தான் கிடைத்தன, செருப்புப் பெட்டிக்குள் இருந்து. அதுவரை மெத்தை தரையில்தான்.