எலுமிச்சை புதினா தண்ணி கசக்காம போடறது எப்படி

முதல் தடவை நான் இன்ஃப்யூஸ்டு வாட்டர், அதாவது பழமும் இலையும் ஊற வச்ச தண்ணி, போட்டப்போ ஒரு முழு எலுமிச்சைய தோலோட வட்டம் வட்டமா நறுக்கி, ஒரு கைப்பிடி புதினாவ நல்லா கசக்கி, ஜக்குல போட்டு தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, காலைல ஆசையா ஒரு வாய் குடிச்சா கஷாயம். வீட்ல யாரும் தொடல, நானே அரை டம்ளர் முழுங்கிட்டு மிச்சத்த செடிக்கு ஊத்துனேன். அப்புறம் நாலஞ்சு தடவை கெடுத்து கெடுத்து தான் புரிஞ்சுது, இதுல என்ன போடறோம்ங்கறத விட எப்போ வெளிய எடுக்கறோம்ங்கறது தான் முக்கியம்.

கசப்பு எங்கேருந்து வருதுன்னு மொதல்ல சொல்லிடறேன். எலுமிச்சை, ஆரஞ்சு தோல்ல மேல கலரா இருக்கற மெல்லிசான பாகத்துல தான் வாசனை எண்ணெய் இருக்கு, அதுக்கு அடியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒண்ணு இருக்கே, அதுலயும் விதைலயும் தான் கசப்பு சரக்கு எல்லாம். அதுல லிமோனின்னு ஒண்ணு இருக்கு, அது பழத்த நறுக்கினப்புறம் தான் புளிப்போட சேந்து கொஞ்சம் கொஞ்சமா உருவாகும், அதனால தான் போட்ட உடனே குடிச்சா நல்லா இருக்கறது மறுநாள் வாய்ல வைக்க முடியல. ஸோ ரெண்டே வழி தான். ஒண்ணு, தோலோட ஸ்லைஸ் போட்டா ரெண்டுலேருந்து மூணு மணி நேரத்துல எடுத்துடணும். இல்ல ராத்திரி முழுக்க ஊறணும்னா பீலர்ல மேல் தோல மட்டும் ரெண்டு மூணு பட்டையா சீவி போட்டுட்டு, வெள்ளைய சுத்தமா எடுத்துட்டு விதையும் எடுத்துட்டு உள் சதைய போடணும். பட்டையா சீவும்போது அதோட உள்பக்கம் வெள்ளையா தெரிஞ்சா ஆழமா சீவிட்டீங்கன்னு அர்த்தம், கத்தியால லேசா சுரண்டி எடுத்துடுங்க.

புதினாவும் அப்டித்தான். அதோட வாசனை எண்ணெய் இலைக்கு மேலாப்புல சின்ன சின்ன பைகள்ல தான் உக்காந்துருக்கு, அத உடைக்க உரல்ல போட்டு இடிக்கல்லாம் வேணாம். எட்டு பத்து இலைய ஒரு உள்ளங்கைல வச்சு இன்னொரு கையால பட்டுனு ஒரே ஒரு தட்டு, அவ்ளோ தான், கைய மூக்குகிட்ட கொண்டு போனா உங்களுக்கே தெரியும். கசக்கி நசுக்குனா பச்சை புல்லு வாடை தண்ணில இறங்கிடும், இலையும் கறுத்து பிஞ்சு பிஞ்சு பல்லுல மாட்டும். துளசிக்கும் இதே தான்.

சரி அளவு. ஒரு லிட்டர் தண்ணிக்கு அரை எலுமிச்சை, அதாவது மெல்லிசா நாலஞ்சு ஸ்லைஸ், வெள்ளரிக்காய் எட்டு பத்து ஸ்லைஸ், புதினா எட்டு பத்து இலை. இத விட அதிகமா போடாதீங்க, தண்ணி தண்ணியா தான் இருக்கணும், ஜூஸ் வேணும்னா ஜூஸ் போட்டுக்கலாமே. வெள்ளரிய ஜக்குல போடறதுக்கு முன்னாடி ஒரு துண்டு கடிச்சு பாத்துடுங்க, காம்பு பக்கம் தான் கசப்பு ஜாஸ்தி இருக்கும், கசந்தா அந்த காயையே விட்டுடுங்க, ஒரு கசப்பு வெள்ளரி முழு ஜக்கையும் காலி பண்ணிடும்.

பழத்த நறுக்கறதுக்கு முன்னாடியே ஓடற தண்ணில நல்லா தேச்சு கழுவுங்க, தோலோட போடறோம்ல. சில எலுமிச்சை ஆரஞ்சு பளபளன்னு மெழுகு பூசி வரும், அதுக்கு வெதுவெதுப்பான தண்ணியும் ஒரு பிரஷ்ஷும் போதும், சோப்பு போட்டுடாதீங்க. தண்ணில குளோரின் வாடை இருந்தா ஒரு கொதி விட்டு ஆற வச்சுட்டு தான் பண்ணனும், இல்லேன்னா எவ்ளோ நல்ல பழம் போட்டாலும் அந்த வாடை தான் முன்னாடி நிக்கும்.

பாத்திரம் கண்ணாடி தான் பெஸ்ட், ஸ்டீலும் ஓகே. பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டா இஞ்சி வாசனை ஒட்டிக்கிட்டு அடுத்த ரெண்டு வாரம் வெறும் தண்ணியும் இஞ்சி தண்ணி தான். செம்பு பாத்திரத்துல மட்டும் இத போடவே போடாதீங்க, எலுமிச்சை புளிப்பு செம்ப கரைச்சு தண்ணில இறக்கிடும், அது வயித்துக்கு ஆகாது.

எல்லாத்தையும் போட்டுட்டு குளிர்ந்த தண்ணி ஊத்தி மூடி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம். வெளிய வைக்கணும்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேணாம், நல்ல வெயில் காலம்னா ஒரு மணி நேரமே ஜாஸ்தி, நறுக்கின பழம் கிருமிக்கு விருந்து மாதிரி. நான் ரெண்டு மணி நேரம் ஆனதும் வடிகட்டிடுவேன், வடிகட்டின தண்ணிய மூடி ஃப்ரிட்ஜ்லயே வச்சு மறுநாளைக்குள்ள முடிச்சுடுவோம். வடிகட்டாம அப்டியே குடிக்கறீங்கன்னா, அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள ஜக் பாதி ஆனதும் மேல தண்ணி ஊத்தி இன்னொரு ரவுண்டு ஓட்டலாம், ரெண்டாவது ரவுண்டு கொஞ்சம் லைட்டா தான் இருக்கும், மூணாவது ரவுண்டுல ஒண்ணும் இருக்காது.

எல்லா பழமும் ஒரே நேரம் எடுத்துக்காது. தர்பூசணி ஒரு மணி நேரத்துலயே தன்னோடத குடுத்துடும், அதுக்கு மேல விட்டா கூழாகி தண்ணி கலங்கிடும். ஸ்ட்ராபெரி, அன்னாசி ரெண்டு மூணு மணி நேரம். ஆப்பிள் என்னமோ எல்லா போட்டோலயும் இருக்கு, ஆனா தனியா போட்டா நாள் பூரா ஊறினாலும் பேருக்கு தான் வாசம், பட்டை கூட சேத்தா தான் ஏதோ தேறும். பட்டை, இஞ்சி, ரோஸ்மேரி மாதிரி கெட்டியான ஐட்டம் பச்ச தண்ணில சீக்கிரம் இறங்காது, இதுங்கள தான் தைரியமா ராத்திரி முழுக்க விடலாம், அவசரம்னா அரை கப் கொதிக்கற தண்ணில பத்து நிமிஷம் மூடி வச்சு ஆற விட்டு அந்த தண்ணியோட ஜக்குல சேத்துடுங்க. எனக்கு புடிச்சது ஆரஞ்சும் இஞ்சியும், நாலு மெல்லிசு இஞ்சி துண்டு போதும், இஞ்சிய ராத்திரியே போட்டுட்டு ஆரஞ்ச காலைல தான் போடுவேன்.

இன்னொண்ணு, பெரி பழத்த ஃப்ரீசர்ல வச்சு உறைய வச்சு போட்டு பாருங்க. உறையும்போது உள்ள இருக்கற தண்ணி ஐஸாகி பழத்தோட செல்லெல்லாம் கிழிஞ்சுடும், அதனால தண்ணில போட்டதும் ரசம் கடகடன்னு இறங்கும், ஐஸ் கட்டியும் தனியா தேவையில்ல. சோடால வேணும்னா மொதல்லயே சோடா ஊத்தி ஊற வைக்காதீங்க, கேஸ் எல்லாம் போயிடும். கொஞ்சமா சாதா தண்ணில திக்கா ஊற வச்சு வடிகட்டி, குடிக்கறப்போ சோடா ஊத்திக்கங்க.

இத குடிச்சா உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளியேறும், தொப்பை கரையும்னு சொல்றாங்களே, அத நம்பி குடிக்காதீங்க. அந்த வேலைய கல்லீரலும் கிட்னியும் கேக்காமலே பாத்துட்டு இருக்கு. ரெண்டு ஸ்லைஸ்லேருந்து வைட்டமினும் பெருசா ஒண்ணும் இறங்கிடாது. சக்கரை போட்ட கூல் டிரிங்க்ஸ் கைக்கு போகாம இருக்கும், வெறும் தண்ணி இறங்காதவங்களுக்கு தண்ணி உள்ள போகும், எனக்கு அதுவே பெரிய லாபம். ஆனா நாள் பூரா எலுமிச்சை தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா சப்பிட்டே இருந்தா பல் எனாமலுக்கு நல்லதில்ல, குடிச்சு முடிச்சதும் வெறும் தண்ணில வாய் கொப்பளிங்க, உடனே பிரஷ் பண்ணாம அரை மணி நேரமாவது விடுங்க. கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்ல, ஆரஞ்சு மாதிரி ஒரு பழம்) போடறவங்க மாத்திரை ஏதாவது சாப்டுட்டு இருந்தா டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, கொழுப்புக்கு குடுக்கற சில மாத்திரையோட அது ஒத்துப்போகாது.

ஜக்க கழுவறப்போ மூடில இருக்கற ரப்பர் வளையத்த கழட்டி தனியா கழுவுங்க, கிழிஞ்ச புதினா துணுக்கு அங்க தான் போய் ஒளிஞ்சுக்கும், ரெண்டு நாள் கழிச்சு நாத்தம் எங்கேருந்து வருதுன்னு நான் ஃப்ரிட்ஜ் பூரா தேடிருக்கேன்.